டொல்பின் வேனில் எட்டு நாள்: கம்பளையிலிருந்து வெல்லவாய வரை

முதல் நாள்: கம்பளை

தைப்பொங்கல் முடிந்த கையோடு புறப்பாடு. வண்டி பழைய டீசல் டொல்பின், அதாவது டொயோட்டா ஹையேஸ் வேன். பின்னால் கட்டில், பக்கக் கதவோரம் அடுப்புப் பலகை, கூரையில் 200 வொட் சோலார் தகடு, கட்டிலுக்கு அடியில் 100 அம்பியர்-மணி லித்தியம் பெட்டரி. புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா ஏறி, வெலிமடை, அப்புத்தளை, எல்ல பக்கமாக வெல்லவாயவுக்கு இறங்குவது திட்டம்.

மலைநாட்டுக்கு வேன் கட்டுகிறவர்கள் முதலில் கேட்பது குளிரைப் பற்றி. குளிர் ஒரு நல்ல கம்பளியோடு தீர்கிற காரியம். இங்கே வண்டியைத் தின்பது ஈரமும் சரிவும்தான். இணையத்தில் கிடைக்கிற ஆலோசனையில் பாதி ஐரோப்பியப் பனிக்கும் மீதி அவுஸ்திரேலியப் பாலைவனத்துக்கும் எழுதினது. அதை அப்படியே நம்பி இறங்கினால் முதல் வாரத்திலேயே மெத்தைக்கு அடியில் பூஞ்சணம் பிடிக்கும்.

இன்று முழுக்க வண்டிக்கு அடியில் வேலை. முதலாவது பிரேக் ஒயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 ஒயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை. ஈரம் ஏறியபின் அது 140 பாகை வரை இறங்கலாம். டொட் 4 என்றால் 230, 155. நம் நாட்டு ஈரக் காற்றுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதுமாக மாற்றவேண்டும்; மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்புவது மாற்றுவதாகாது. ஒரு லீற்றர் போதும். மாஸ்டர் சிலிண்டருக்கு (மிதியோடு சேர்ந்த பிரேக் பம்ப்) தூரமான சக்கரத்தில் தொடங்கி, நிப்பிளில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயைச் செருகி, குமிழி இல்லாமல் புது நிறத்தில் வரும்வரை வெளியே விடுங்கள். இடையில் மேலே உள்ள டப்பா காலியானால் காற்று ஏறிவிடும், முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். டொட் 5 சிலிக்கன் வகை, இவற்றோடு கலக்கக்கூடாது.

அடுத்தது டயர். உயரம் ஏறினால் காற்றழுத்தம் கூடும் என்று சொல்லி முன்கூட்டியே இறக்குகிறவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள். கம்பளையிலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குப் போகும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவுமானி சுமார் 2 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். ஆனால் பகல் 28 பாகையில் 60 அடித்த டயர் விடியற்காலை 10 பாகையில் சுமார் 4 இழக்கும். ஆக, மேலே போனால் 2 குறைவுதான். இறக்கவேண்டிய தேவையே இல்லை.

டீசல் பில்டரின் அடித்திருகைத் தளர்த்தித் தேங்கிய தண்ணீரை வடித்தாயிற்று. தண்ணீர்த் தாங்கியில் 60 லீற்றர் பிடிக்கும். நிரப்பினது 20 மட்டும். பாதை நெடுகத் தண்ணீர் கிடைக்கிற நாட்டில் 40 கிலோவை மலைக்குச் சுமந்து போவானேன்?

இரண்டாம் நாள்: புசல்லாவை, றம்பொடை

ஏற்றம். ஏசியை நிறுத்தி, இரண்டாம் கியரில், இஞ்சின் திணறாத வேகத்தில். டர்போ இல்லாத டீசல் இஞ்சினுக்கு நுவரெலியா உயரத்தில் கிடைக்கும் காற்று கடல்மட்டத்தைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டீசல் மட்டும் அதே அளவு பாய்கிறது. அதனால் றம்பொடை முடக்குகளில் கறுப்புப் புகை கக்குவது இயற்கை. மிதியைக் கொஞ்சம் தளர்த்தினால் புகையும் குறையும், சூடும் குறையும், வேகத்தில் பெரிய நட்டமில்லை. இதைப் பார்த்ததும் டீசல் பம்பைக் கழற்றவேண்டும் என்கிற கராஜ் பாஸிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். இறங்கியபின்னும் புகை நிற்கவில்லையென்றால்தான் அந்தப் பேச்சு.

உயரத்தில் தண்ணீர் கொதிப்பது 94 பாகைக்குச் சற்று முன்பின். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் கீழே ஓடும்போது தெரியாது. இங்கேதான் நீராவி கிளம்பும். மூடி சின்னச் சாமான். கையோடு ஒன்று வைத்திருங்கள், உங்கள் பழைய மூடியில் பொறித்த அதே அழுத்த எண்ணில்.

இரவு தங்க ஒரு வீட்டு முற்றம், கேட்டு அனுமதி வாங்கின இடம். சரிவு சுமார் 3 பாகை. பார்வைக்குச் சமதரை மாதிரி இருக்கும், கட்டிலில் படுத்தால் இரத்தம் தலைக்கு ஏறும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2.4 மீற்றர் என்றால் 3 பாகைக்கு 12.5 சென்ரிமீற்றர் உயர்த்தவேண்டும். இரண்டு பலகைத் துண்டால் ஆகிற வேலையில்லை. மூன்று படி வெட்டிய மரக்கட்டை செய்துகொள்ளலாம், அல்லது தலைமாடு மேட்டுப் பக்கம் வருகிறமாதிரி வண்டியைத் திருப்பி நிறுத்தலாம். இரண்டாவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

கட்டை போடுவதை பஸ்காரரிடம் படியுங்கள். பள்ளத்துப் பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் முக்கோணக் கட்டை, ஸ்டியரிங்கை மண்மேட்டுப் பக்கம் ஒடித்து வைப்பது, மூக்கு மேலே பார்த்தால் முதல் கியர், கீழே பார்த்தால் ரிவர்ஸ். ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பித் தூங்குவது கூடாது.

குளிர்சாதனப் பெட்டி வாங்கும்போதும் இந்தச் சரிவை நினையுங்கள். கேஸில் ஓடுகிற பழைய முறைப் பெட்டி மட்டமாக நின்றால்தான் குளிர்விக்கும்; சாய்ந்த நிலையில் ஓடவிட்டால் உள்ளே திரவ ஓட்டம் தடைப்பட்டு நாளடைவில் நிரந்தரமாகப் பழுதாகும். 12 வோல்ட் கம்பிரஸர் பெட்டிக்கு இந்தக் கவலையில்லை.

மூன்றாம் நாள்: நுவரெலியா

லபுக்கலை தாண்டியதும் கண்ணாடியில் ஈரம். இன்றைக்கு எழுதுவது அதைப் பற்றி மட்டும்.

வேனுக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இரண்டு பேர் ஓர் இரவு மூச்சுவிட்டால் அரை லீற்றருக்கு மேல். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் நீராவி. சட்டியிலிருந்து எழும் ஆவி அதற்கு மேல். உள்ளே 18 பாகையும் 80 சதவீத ஈரப்பதனும் இருந்தால், 14 அல்லது 15 பாகைக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் தண்ணீர் படியும். இங்கே தை மாத இரவில் கண்ணாடியும் இரும்பு விலாக்களும் அதைவிடக் குளிர்ந்துதான் இருக்கும். சில விடியலில் புல்லிலேயே உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் ஊர் இது.

கதகதப்பாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் இழுத்து மூடுவதுதான் முதல் பிழை. கீழே ஒரு திறப்பு, மேலே ஒரு திறப்பு வேண்டும். காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, கூரை விசிறியை வெளியே தள்ளும் திசையில் மிகக் குறைந்த வேகத்தில் இரவு முழுக்க ஓடவிடுங்கள். 20 வொட் விசிறி 8 மணி நேரத்தில் 160 வொட்-மணிதான் தின்னும். ஈரம் உறிஞ்சும் டப்பாக்களை நம்பாதீர்கள். ஓர் இரவின் ஈரத்துக்கே அவை காணாது. போதாக்குறைக்குச் சரிவில் கவிழ்ந்தால் அந்த உப்புக் கரைசல் தகரத்தை அரிக்கும்.

சுவரில் ரெஜிபோம் ஒட்டுகிறவர்கள் ஏராளம், மலிவு என்பதால். அது வளைந்த தகரத்தோடு ஒட்டிப் பதியாது; பின்னால் இடைவெளி விழும்; அந்த இடைவெளிக்குள் ஈரக்காற்று புகுந்து தகரத்தில் படிந்து, கண்ணுக்குத் தெரியாமல் துரு ஏறும். ஒட்டும் பசைகளிலும் பல வகை ரெஜிபோமையே கரைத்துவிடும். ஏசி குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு ரப்பர் போம் ஷீட் 19 மி.மீ. வாங்குங்கள். தகரத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு பக்கமும் காண்டாக்ட் பசை பூசி, கைக்கு ஒட்டாத பதம் வந்தபின் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டு போகவேண்டும். விலாக்களின் மேலும் மெல்லிய ஷீட் ஒன்று. விலாவை விட்டுவிட்டால் அங்கேயிருந்துதான் சொட்டும். ஒரேயொரு இடத்தை அடைக்கக்கூடாது: கதவின் அடியோரத்திலுள்ள வடிகால் துளை. போம் துண்டோ டர்பன்டைன் (யூகலிப்டஸ்) இலையோ அதில் சிக்கினால் கதவே தண்ணீர்த் தொட்டியாகும். மாதம் ஒருமுறை கம்பியால் குத்திப் பாருங்கள்.

மெத்தையைப் பிளைவுட் மேல் நேரே போடாதீர்கள். மரச்சட்டங்களை இரண்டு விரல் இடைவெளியில் அடித்து அதன்மேல் போடவேண்டும். காலையில் எழுந்ததும் மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்துவது கைக்குப் பழகவேண்டும். பிளைவுட்டில் பூஞ்சணம் வந்துவிட்டால் தண்ணீர் கலக்காத வினாகிரியால் துடைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். பிளீச் மேல்பரப்பை வெள்ளையாக்கும். அதிலுள்ள தண்ணீர் மரத்துக்குள் இறங்கி வேரை வளர்க்கும்.

நான்காம் நாள்: நுவரெலியா, கேஸும் சூடாக்கியும்

சிலிண்டர் இங்கே 12.5, 5, 2.3 கிலோவில் கிடைக்கிறது. வேனுக்கு 5 கிலோ போதும். நிமிர்ந்தே நிற்கவேண்டும், பட்டி போட்டுக் கட்டவேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். எனவே சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கிற ஓட்டை ஒன்று கட்டாயம். கசிவு எச்சரிக்கைக் கருவி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கார்பன் மொனொக்சைட் கருவி தலைமாட்டுக்குப் பக்கத்தில். இரண்டும் வேறு வேறு. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது.

விடியற்காலையில் தீ சோர்ந்து எரிந்தால் உடனே ரெகுலேட்டரைக் குறை சொல்லவேண்டாம். சிலிண்டர் கேஸிலுள்ள பியூட்டேன் கொதித்து ஆவியாவது பூச்சியத்துக்கு அரைப் பாகை கீழே. அந்த வெப்பநிலைக்கு நெருங்க நெருங்க சிலிண்டருக்குள் அழுத்தம் விழுகிறது. எரிய எரிய சிலிண்டர் தானும் குளிர்கிறது. பாதிக்குக் கீழே இறங்கின சிலிண்டரில் இது இன்னும் மோசம். வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள பேசினில் சிலிண்டரை வைத்தால் சரியாகும். தீயைக் காட்டுவது, கொதிநீர் ஊற்றுவது இரண்டும் ஆபத்து. தீயின் நுனி மஞ்சளாக நின்றால் காற்றுப் போதவில்லை. பர்னரின் காற்றுத் துளையை ஒரு கோடு கூடுதலாகத் திறந்துவிடுங்கள்.

றம்பொடை மாதிரியான பாதையில் வந்தபின் கேஸ் ஹோஸை இறுக்கும் ஜுபிலி கிளிப்புகள் தளரும். சவர்க்கார நுரையைப் பிரஷ்ஷால் எல்லா மூட்டிலும் தடவிப் பாருங்கள். ஹோஸை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. வளைத்துப் பார்க்கும்போது வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே.

பருப்பு வேகாது என்று புலம்பி கேஸை வீணாக்குவதைவிட பிரஷர் குக்கர் ஒன்று வையுங்கள். இந்த உயரத்திலும் உள்ளே 117 பாகை வரை போகும். விசில் அடிக்கும் நேரம் கதவு திறந்திருக்கட்டும். அந்த ஆவி நேற்று எழுதின கணக்கில் சேரும்.

டீசல் சூடாக்கி பற்றிப் பலர் கேட்பது. ஒரு வாரப் பயணத்துக்குத் தேவையில்லை, ரப்பர் சுடுதண்ணீர்ப் பை இரண்டு போதும். மாதக்கணக்கில் இங்கே வாழ்வதென்றால் 2 கிலோவொட் வகை போடலாம். 5 கிலோவொட் வாங்கிச் சிறு தீயிலேயே ஓட்டினால் உள்ளே கரி அடையும். கடல்மட்டத்துக்கு அமைத்த கருவி இங்கே டீசல் கூடி எரியும். பம்ப் வேகத்தை 15 முதல் 20 சதவீதம் குறைத்து அமைக்கவேண்டும். நாளுக்கு ஒருமுறையாவது 20 நிமிடம் முழுத் தீயில் ஓடவிட்டு அணையுங்கள். புகைக்குழாயின் மிகத் தாழ்ந்த புள்ளியில் 3 மி.மீ. துளை, இல்லாவிட்டால் படியும் தண்ணீர் வழியை அடைக்கும். குழாய் வாய் பக்கக் கதவுக்கும் திறந்த கண்ணாடிக்கும் எதிர்ப்பக்கம் பார்க்கவேண்டும்.

ஐந்தாம் நாள்: அம்பேவெல

காற்றும் தூறலும். வேலை கூரையில் மட்டும்.

சமதரையில் ஒழுகாத கூரை இங்கே ஒழுகும், காரணம் சாய்வு. மூக்கு மேலே பார்த்து நின்றால் தண்ணீர் விசிறிச் சட்டத்தின் மேல்விளிம்பில் குளம் கட்டும். சட்டத்துக்கு அடியில் பியூட்டைல் டேப், திருகுகள் துருப்பிடிக்காத இரும்பு, மேலே பொலியூரித்தேன் பசை, இதுதான் முறை. சாதாரண சிலிக்கன் பூசிவிட்டால் பிறகு அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது. சுரண்டி எடுக்க ஒரு நாள் போகும். தூறலில் பூசாதீர்கள். அவசரத்துக்குப் பியூட்டைல் டேப்பை மேலாக ஒட்டி, ஈரம் இல்லாத நாளுக்கு வேலையைத் தள்ளிவையுங்கள்.

ஆறாம் நாள்: வெலிமடை

தண்ணீர் முதலில். மலையூற்றிலிருந்து வடியும் மலைநாட்டுப் பீலித் தண்ணீருக்கு ஈடில்லை, ஆனால் பீலி எங்கிருந்து வருகிறது என்று மேலே பார்க்கவேண்டும். காட்டுக்குள்ளிருந்து வந்தால் எடுங்கள். உருளைக்கிழங்கு, மரக்கறித் தோட்டங்களுக்குக் கீழே வருகிற ஓடை வேண்டாம்; உரமும் மருந்தும் கொதிக்கவைத்தாலும் போகாது, சாதாரணப் பில்டரிலும் நிற்காது. வெலிமடைப் பக்கம் குழாய்த் தண்ணீரைக் கேட்டு வாங்குவதே புத்தி. மழைக்குப்பின் கலங்கின தண்ணீரை 5 மைக்ரோன் பில்டருக்குள் நேரே விட்டால் பில்டர் ஒரே நாளில் அடைபடும். வாளியில் ஒரு இரவு தெளியவைத்து மேல்நீரை எடுங்கள். குடிக்க 3 நிமிடம் கொதிக்கவேண்டும். தாங்கியைச் சுத்தம் செய்ய 60 லீற்றருக்கு 5 சதவீத பிளீச் 60 மில்லிலீற்றர், நான்கு மணி நேரம் ஊறவிட்டு, வாசனை போகும்வரை கழுவவேண்டும்.

இனி மின்சாரம். ஒரு நாள் செலவு: குளிர்சாதனப் பெட்டி 360 வொட்-மணி, விசிறி 160, சூடாக்கி இருந்தால் 150, போனும் மடிக்கணினியும் 100, விளக்கு 50, தண்ணீர்ப் பம்ப் 15. மொத்தம் 835, அதாவது 12.8 வோல்ட் பெட்டரியில் 65 அம்பியர்-மணி. மூட்டமான நாளில் 200 வொட் தகட்டுக்கு இரண்டரை மணி நேர நல்ல வெயிலுக்கு மேல் கணக்குப் போடாதீர்கள். நட்டம் கழித்து 400 வரும். மிச்சத்தை ஓட்டத்தில்தான் எடுக்கவேண்டும். ஓடும்போது பெட்டரியை அளவோடு ஏற்றுகிற 30 அம்பியர் டிசி-டிசி சார்ஜர் மணிக்கு 400 வொட்-மணி தரும். ஆகவே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடினால் கணக்கு நேர். லித்தியம் பெட்டரியை ஒல்டர்னேற்றரோடு (இஞ்சினோடு சுழலும் மின்பிறப்பாக்கி) நேரே பூட்டினால் அது வரையறையில்லாமல் இழுத்து ஒல்டர்னேற்றரைச் சுட்டுவிடும். பழைய டொல்பினுக்கு 20 அம்பியரோடு நிற்பது இன்னும் பாதுகாப்பு.

குளிர்சாதனப் பெட்டி அடிக்கடி நின்றுபோகிறது என்கிற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் வயர்தான் காரணம். 5 மீற்றர் தூரம், 5 அம்பியர், 1.5 சதுர மி.மீ. வயர் என்றால் போகவர 0.58 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 சதுர மி.மீ. போட்டால் 0.22. வீட்டு வேலைக்கு விற்கிற 7/0.67, 7/0.85 வயர்களின் தடித்த கம்பி இந்தப் பாதைகளின் அதிர்வில் முனையில் முறியும். பல மெல்லிய இழைகள் கொண்ட வாகன வயரே சரி. முனைகளை ஈயம் பற்றவைக்காமல் அழுத்திப் பூட்டுங்கள். பெட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 100 அம்பியர் பியூஸ், பெட்டி வயருக்கு 15.

வீட்டுக்காரரிடம் கரண்ட் எடுத்தால் எக்ஸ்டென்ஷன் சுருளை முழுவதும் அவிழ்த்து விடுங்கள், சுருண்டபடியே சுமை கொடுத்தால் உருகும். வேனுக்குள் சொந்தமாக 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கட்டும். பழைய வீடுகளில் எர்த் இல்லாத 13 அம்பியர் பிளக்குகள் உண்டு.

ஏழாம் நாள்: அப்புத்தளை

இன்று எங்கே நிறுத்துவது என்பதே பெரிய கேள்வி. பண்டாரவளை தாண்டி மேலேறினால் ஒருபக்கம் பாதாளம். கீழே கொஸ்லந்தை, மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29 காலையில் தோட்டத் தொழிலாளர் லயங்களை மண் மூடின இடம். 2025 நவம்பரில் டித்வா புயலிலும் மலைநாட்டில் பல இடங்கள் சரிந்தன. பார்வைக்கு அழகான இடம் என்று மண்வெட்டின மேட்டின் அடியில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிலையில் மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது: மஞ்சள் அவதானிப்பு, அம்பர் தயார்நிலை, சிவப்பு வெளியேறு. 24 மணி நேரத்தில் மழை 75 மி.மீ. தாண்டினால் முதலாவது, 100 தாண்டினால் இரண்டாவது, 150 தாண்டினால் மூன்றாவது. நேர்ச்சுவர் உள்ள வெறும் டின்னை வெளியே வைத்து அடிக்கோலால் அளந்தாலே மழை தெரியும். மஞ்சளிலேயே நகர்ந்துவிடுவது வேனில் இருக்கிறவருக்குள்ள வசதி. வீடு உள்ளவருக்கு அது இல்லை. மரங்கள் ஒரே பக்கம் சாய்ந்திருப்பது, தரையில் புது வெடிப்பு, தெளிந்த ஊற்று திடீரெனச் சேறாவது அல்லது நின்றுபோவது, இவை தெரிந்தால் மழை விட்டிருந்தாலும் இரவு தங்கவேண்டாம்.

கழிப்பறை: வாளியில் சிறுநீரைப் பிரிக்கும் தட்டும் தும்புத்தூளும். ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு கைப்பிடி. தண்ணீர் படாவிட்டால் நாற்றம் இல்லை. பாத்திரம் கழுவின தண்ணீரைப் பீலிக்கரையில் கொட்டாதீர்கள், கீழே குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எட்டாம் நாள்: எல்ல, வெல்லவாய

எல்ல 1041 மீற்றர். இறக்கம் சுமார் 850 மீற்றர். 3000 கிலோ வண்டி அந்த உயரத்தை இழக்கும்போது வெளிவரும் சக்தி ஏழு கிலோவொட்-மணி. 80 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு. அதில் பெரும்பகுதியை இஞ்சின் வாங்காவிட்டால் பிரேக்தான் வாங்கவேண்டும்.

ஏற எந்தக் கியர் தேவையோ அதே கியரில் இறங்குங்கள். டொல்பினுக்கு இரண்டு, முடக்குகளில் ஒன்று. முடக்குக்கு முன்பே கியரை மாற்றவேண்டும், வேகம் கூடினபின் மாற்ற முயன்றால் நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். பிரேக்கில் காலை மெல்ல வைத்துக்கொண்டே போவது மிக மோசமான பழக்கம். வேகம் 40க்கு வந்தால் உறுதியாக மிதித்து 25க்குக் குறைத்து, முழுவதும் விட்டுவிடுங்கள். இடைவெளியில் காற்று சூட்டை எடுக்கும்.

மிதி பஞ்சுபோல உள்ளே போனால் ஒயில் கொதித்திருக்கிறது. மிதி கல்லாக நின்று வண்டி மட்டும் நிற்காவிட்டால் பேட் சூடேறி வழுக்குகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: கியரைக் குறைத்து ஓரம் கட்டுவது. ராவணா எல்ல அருவியடியில் ஓரம் கட்ட இடம் கிடைக்கும். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணும். சூடான டிரம்மில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு நின்றால் ஆறும்போது பிடித்துக்கொள்ளும். கட்டை போட்டு, கியரில் விட்டு, அரை மணி நேரம் காத்திருங்கள்.

வெல்லவாயவில் இறங்கியதும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் காட்டிப் பார்த்ததில் பின் இடதில் மற்றவற்றைவிடச் சூடு. அந்த டிரம்மில் லைனர் உரசுகிறது, நாளைக்குக் கழற்றவேண்டும். டயர் அளவுமானியும் இப்போது 60க்கு மேலே நிற்கிறது, காற்றை இறக்கவில்லை. காலையில் ஆறினபின் பார்க்கலாம்.